முதல் தாள்

எந்த வேலையானாலும் முதல் தாளை நம்பக் கூடாது என்பது ஷாகுல் ஹமீதின் கைகளுக்குப் பழகிப்போன பாடம். மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்புறமுள்ள சந்தில் அவருடைய ஸ்கிரீன் பிரிண்டிங் கடை இருந்தது. திருமண அழைப்பிதழ், காதணி விழா, புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு விழா என்று தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இடையில் நடந்த நல்ல காரியங்களில் பாதி, அந்தச் சந்தில் எழுத்தாகப் பிறந்து வெளியே போனவைதாம்.

மரச்சட்டத்தில் வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன்மேல் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே சீராக இழுத்தால், எழுத்துகள் அடியிலுள்ள தாளில் இறங்கும். ஆனால், முதல் இழுப்பில் மை திட்டுத்திட்டாக விழும். வரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஆகவே, முதலில் இழுப்பவை எப்போதும் வேஸ்ட் தாளுக்கே சேரும். வேஸ்ட் தாள்கள் இடப்பக்கம். நல்ல தாள்கள் வலப்பக்கம். இடக்கை அவரைக் கேளாமலே இடப்பக்கம் போகும். எழுத்து நேரானபின் வலக்கை வலப்பக்கம் போகும். ஒரே வேஸ்ட் தாளை அவர் பல வேலைகளுக்குப் பயன்படுத்துவார். மணப்பெண்ணின் பெயருக்கு மேல் மளிகைக் கடையின் பெயரும், அதற்கும் மேல் யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவும் விழுந்து, இனி ஒன்றுமே விழ இடமில்லை என்ற நிலை வந்தபிறகுதான் அதை எறிவார். அவர் கண்ணுக்கு அது தாளன்று. கை துடைக்கும் துணியைப் போல ஒன்று.

ராஜகீழ்ப்பாக்கம் கேசவன் தம் மகளின் கல்யாணக் கார்டை அவரிடந்தான் கொடுத்தார். கேசவனின் குடும்பம் அந்த ஊரின் பூர்வீகக் குடும்பம். முன்பு நெல் விளைந்த இடத்தில் இப்போது அவருடைய கட்டடம் நின்றது. கீழே ஹார்டுவேர் கடை, மேலே சிறு விழாக்களுக்கு வாடகைக்கு விடும் ஹால். மகள் வினிதா சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கார்டின் புரூஃபைக் கேசவன் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மண்டபத்தின் பெயர் சிறியதாக இருக்கிறது என்று சொல்லி, அதை இன்னும் தடித்த எழுத்தில் போடச் செய்தார்.

கார்டுகள் கட்டாகி, நூல் சுற்றித் தயாராக இருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அன்று கேசவன் கடைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

“பாய், அந்தக் கார்டெல்லாம் எங்க கீது?”

“கட்டி ரெடியா வெச்சிருக்கேண்ணே. வண்டில ஏத்திடவா?”

“வாணாம். கொளுத்திடு.”

ஷாகுல் காரணம் கேட்கவில்லை. கேசவனின் முகம் கேட்கவிடவில்லை.

“ஒண்ணு கூட வெளில வரக்கூடாது பாய். எம்பொண்ணு பேரு எவன் கையிலயும் சிக்கக் கூடாது. இப்பவே ஊர்ல அவனவன் ஒரு கதை பேசிக்கினு கீறான்.”

“என் கடையிலேருந்து ஒரு தாள் வெளிய போவாதுண்ணே. நான் சொல்றேன்ல.”

அன்று பிற்பகலே, கடையின் பின்கட்டில் பழைய தகர டிரம்மில் போட்டுக் கொளுத்தினார். அவருடைய மனைவி மெஹ்னாஸ் ஒரு குச்சியால் கிளறிக் கொடுத்தாள். தங்க நிற மை கருகும்போது ஒரு கசப்பு வாடை எழுந்தது. “அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல வழியக் காட்டணும் அல்லாஹ்” என்று சொல்லிக்கொண்டே, பாதி எரிந்த ஓர் உறையை மீண்டும் நெருப்புக்குள் தள்ளினாள். சட்டத்தில் இருந்த எழுத்தையும் ஷாகுல் அன்றே கழுவி அழித்தார். எல்லாம் முடிந்ததென்று இருவரும் நினைத்தார்கள். இடப்பக்கத்து அடுக்கை இருவருமே நினைக்கவில்லை.

இது நடந்து ஆறேழு மாதங்கள் கழிந்தபின், 2008ஆம் ஆண்டின் கோடையில், அச்சு முறையில் படம் ஆக்கும் லாசரஸ் என்ற ஓவியர் கறுப்பு மை வாங்குவதற்காக ஷாகுலின் கடைக்கு வந்தார். நரைத்த குறுந்தாடி, நகக்கண்களில் போகாத கறை. கல்லாவுக்குப் பின்னாலிருந்த அட்டையின் ஓரத்தில் பேனாவால் வரையப்பட்டிருந்த படகு அவர் கண்ணில் பட்டது.

“இது யார் போட்டது?”

“சும்மா, மை காயிற நேரத்துல கிறுக்கினது சார்.”

“ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு வாரம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். மோனோபிரிண்ட். நீங்களும் வாங்க பாய். வர்றப்போ ஒரு ரோலரும் பழைய பேப்பரும் எடுத்துட்டு வாங்க.”

மெஹ்னாஸ் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “இருவது வருசமா கையில ஏறின மை பத்தலையாங்க? இன்னும் போய்ப் பூசிக்கணுமா?” ஆனால், முதல் நாள் காலையில் அவரை எழுப்பிவிட்டவளும் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவளும் அவள்தான். கிறுக்கினது என்று அவர் சொல்லிக்கொள்ளும் படங்களை அவள் பலகாலமாகப் பார்த்து வந்திருக்கிறாள். அவற்றை வேறு எவரும் பார்த்ததில்லை என்பது அவருக்கு உள்ளுக்குள் உறுத்துவதும் அவளுக்குத் தெரியும்.

பயிற்சி நடந்த இடம் கேசவனின் ஹால். மாடிப்படி ஏறும்போதே ஷாகுலுக்கு மனம் சங்கடப்பட்டது; வினிதாவின் நிச்சயதார்த்தம் நடந்ததும் இங்கேதான். உள்ளே போனால், அவருக்கு ஒதுக்கிய மேசைக்கு அடுத்த மேசையில் வினிதாவே நின்றுகொண்டிருந்தாள்.

“ஷாகுல் அங்கிள்தானே? ஒரு வாரம் லீவ் போட்டிருக்கேன். வீட்டுல உக்காந்திருந்தா எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கிறாங்க. அதான் மாடிக்கு வந்துட்டேன்.”

அவள் இலகுவாகத்தான் சொன்னாள். அவரால் தலையசைக்க மட்டுமே முடிந்தது. அவளுடைய பெயரைத் தங்க மையில் நூற்றுக்கணக்கில் இழுத்த கை, அவளெதிரே மேசையில் கிடந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

லாசரஸ் கண்ணாடி போன்ற ஓர் அக்ரிலிக் தகட்டின்மேல் மையை மெல்லிய படலமாக உருட்டிக் காட்டினார். அந்தக் கறுப்பைத் துணியாலும் பஞ்சாலும் தீக்குச்சி முனையாலும் துடைத்துத் துடைத்தே வெளிச்சத்தை வரவழைத்தார். ஈரம் ஏறிய தாளை அதன்மேல் விரித்து, கையால் சக்கரம் சுற்றும் பிரஸ்ஸில் கொடுத்து எடுத்தார். தகட்டில் இருந்த மரம் இடம் வலமாக மாறித் தாளில் வந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“அவ்ளோதான். இந்தத் தகட்டுல இனிமே ஒண்ணும் இல்ல. இன்னொரு தடவ எடுத்தா, ஆவி மாதிரி மங்கலா ஒண்ணு வரும். முதல்ல வர்றதுதான் படம்.”

“ஒண்ணே ஒண்ணுதானா சார்?” என்று ஷாகுல் வாய்விட்டே கேட்டுவிட்டார். “அப்போ மிச்சம் ஐந்நூறு பேருக்கு?”

ஹாலே சிரித்தது. “மிச்சம் பேருக்குக் கார்டு கிடையாது பாய். அவங்க வாயால கூப்பிட்டா வந்து சாப்பிட்டுப் போகட்டும்” என்றார் லாசரஸ். சிரித்தவர்களுள் வினிதாவும் இருந்தாள். பிறகு லாசரஸ் குரலை மாற்றிக்கொண்டு ஒரு விதியைச் சொன்னார். “தாள்ல விழுந்தப்புறம் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. என்ன மாத்தணும்னாலும் மறுபடி தகட்டுல செஞ்சு, பிரஸ் வழியாத்தான் கொண்டுவரணும். கையால பூசினா அது பிரிண்ட் இல்ல.”

அடுத்து வந்த நாள்களில் அவர்கள் மலிவான தாளிலேயே பழகினார்கள். மையின் கெட்டித்தன்மை ஷாகுலுக்குத் தெரிந்திருந்தது, துடைப்பதுதான் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் மையைச் சேர்த்தவர், எடுப்பதற்குத் தடுமாறினார். வினிதா வேறொரு முறையைப் பிடித்துக்கொண்டாள். மை தடவிய தகட்டின்மேல் தாளை மெதுவாகப் போர்த்தி, தாளின் முதுகில் பென்சிலால் வரைந்தால், அழுத்திய கோடு மட்டும் மறுபக்கம் மையெடுக்கும். கையைத் தெரியாமல் ஊன்றினால், அந்த உள்ளங்கையும் விழுந்துவிடும். “இதுல எதையுமே ஒளிக்க முடியாது போல அங்கிள்” என்றாள் அவள், தன் கட்டைவிரல் விழுந்து கெட்டுப்போன தாளைத் தூக்கிக் காட்டி.

கடைசி நாள் வந்தது. அன்று ஒவ்வொருவருக்கும் தடித்த பருத்தித் தாள் ஒன்றைக் கொடுத்தார் லாசரஸ். மாலையில் ஹாலிலேயே எல்லாப் படங்களும் காட்சிக்கு வைக்கப்படும். கட்டட உரிமையாளர் கேசவன் குத்துவிளக்கு ஏற்றுவார். ஒரு படத்தை லாசரஸ் தேர்ந்தெடுத்து, நகரத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அனுப்புவார். எதை வரைவதென்று ஷாகுல் யோசிக்கவே இல்லை. கோவளம் தர்காவுக்குப் போகும்போதெல்லாம், மெஹ்னாஸ் தொழுது முடிக்கும்வரை கடற்கரையில் நின்று அவர் பார்க்கும் காட்சி அது: அலையின் முதுகில் ஏறி மூக்கைத் தூக்கி நிற்கும் படகு, அதைத் தோளால் முட்டித் தள்ளும் ஆட்கள்.

படகையும் ஆட்களின் முதுகையும் கறுப்பாகவே விட்டார். அலையை மட்டும் பழைய வேட்டித் துணியால் சுழற்றித் துடைத்தார். நுரை, துணியின் இழையோடு இழையாக எழுந்து வந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. மின்விசிறிக் காற்றில் மை உலர்ந்துவிடுமோ என்ற அவசரத்தில் தகட்டைத் தூக்கிக்கொண்டு பிரஸ்ஸுக்கு ஓடினார். தகடு தட்டில் அமர்ந்தது. கை தாளை எடுத்து விரித்தது. பிரஸ்ஸின் கம்பளத்தை அதன்மேல் மூடினார், சக்கரத்தைச் சுற்றினார், திறந்தார்.

தாளைத் தூக்கும்போதுதான் அது கனமாக இல்லை என்பது விரலுக்குப் புரிந்தது.

பருத்தித் தாள் வலப்பக்கத்தில், ஈரத்துணிக்குள், தொடப்படாமல் கிடந்தது. அவருடைய இடக்கை, பழைய பேப்பர் என்று சொல்லிக் கடையிலிருந்து அள்ளி வந்த அடுக்கிலிருந்து ஒரு வேஸ்ட் தாளை உருவி, பிரஸ்ஸில் போட்டிருந்தது. முதல் தாள் வேஸ்ட்டுக்கு.

“யா அல்லாஹ்!” என்று தலையில் கை வைத்தவர், அந்தத் தாளை அப்படியே பக்கத்து மேசையில் போட்டுவிட்டு, நல்ல தாளை எடுத்துத் தகட்டின்மேல் விரித்து மறுபடி சக்கரத்தைச் சுற்றினார். வந்தது மூடுபனி. படகு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கறை. அலை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அதற்குள் லாசரஸ் அந்த வேஸ்ட் தாளைக் கையில் ஏந்தி, கைநீளத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அது வேஸ்ட் சார். கை தவறிப்போச்சு.”

“வேஸ்ட்டா? பாய், இந்த நுரைக்குள்ள எழுத்தெல்லாம் மிதக்குது பாருங்க. நான் முப்பது வருசமா முயற்சி பண்ணாலும் இது வராது. இத யாராவது தொட்டீங்க, அவ்ளோதான்!” என்று அதைக் கொண்டுபோய், ஹாலின் முகப்பில் கட்டியிருந்த கொடியில், நடுநாயகமாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். “தேர்ந்தெடுக்கிற வேலையே எனக்கு மிச்சம். ஃபிரேம் வாங்க நான் தாம்பரம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். எல்லாரும் சாப்பிடுங்க.”

மற்றவர்கள் வாழ்த்திவிட்டு, டிபன் பாக்ஸோடு மொட்டை மாடிக்குப் போனார்கள். ஷாகுல் கொடிக்கு அருகில் போனார். தம் படத்தைத் தாமே முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். மகிழ்ச்சி பொங்கி வந்தது. அது முழுதாக எழுவதற்குள் அவர் கண் பழக்கத்தால் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிவிட்டது. பின்னிக் கிடக்கும் எழுத்துகளைப் பிரித்துப் படிப்பது அவருக்குக் கஷ்டமே இல்லை. ஒரு மளிகைக் கடை. ஒரு காதணி விழா. அவற்றுக்கு அடியில், நுரையின் மிக வெளுத்த இடத்தில், தங்க மையில்: ‘செல்வி வினிதா’.

மாப்பிள்ளையின் பெயர் படகின் கறுப்புக்குள் முழுகிப் போயிருந்தது. அவளுடையது மட்டும் அலைமேல் நின்றது.

லாசரஸுக்கு அவை யாருடையவை என்று தெரியாத வெறும் எழுத்துகள். மற்றவர்களுக்கும் அப்படியே இருக்கலாம். ஆனால், மாலையில் குத்துவிளக்கு ஏற்ற வரப்போகிறவர் இந்த எழுத்தை விரல் வைத்துப் படித்தவர். விளக்கு நிற்கும் இடத்திலிருந்து படம் இரண்டு முழத் தூரங்கூட இல்லை. ஒரு தாள் வெளிய போவாதுண்ணே என்று சொன்னவர் தாமே அந்தத் தாளைக் கொண்டுவந்து, கேசவனுடைய ஹாலிலேயே, அவருடைய ஊரார் முன்னிலையில் தொங்கும்படி செய்துவிட்டார்.

கழற்றிக் கிழித்துவிடுவது நொடி வேலை. கை மேலே போய்க் கிளிப்பைத் தொட்டது, அங்கேயே நின்றது. கடையில் எதைக் கிழித்தாலும் இன்னொன்று இழுத்துக்கொள்ளலாம். இதைக் கிழித்தால் இது இல்லை. தகட்டில் மிச்சமிருந்தது மூடுபனிதான்.

“அங்கிள்.”

பின்னால் வினிதா நின்றிருந்தாள். மாடிக்குப் போகவில்லை. அவள் பார்வை படத்தில் இருந்தது.

“அப்பா சாயங்காலம் வர்றாரு” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஷாகுல் கிளிப்பிலிருந்து கையை எடுத்தார்.

“எல்லாத்தையும் கொளுத்திட்டேம்மா. சத்தியமா. இது வேஸ்ட் அடுக்குல கெடந்திருக்கு. நான் பார்க்கல. இப்பவே கிழிச்சிடறேன்.”

“கிழிக்காதீங்க.”

“வேற என்னம்மா செய்யச் சொல்றே?”

“நல்லாருக்கு அங்கிள் படம். எதுக்குக் கிழிக்கணும்? ஆறு மாசமா எங்க வீட்ல எல்லாத்தையும் கிழிச்சாச்சு. போட்டோ, புடவை பில்லு, காலண்டர்ல அந்த மாசம் வரைக்கும். பேர மட்டும் எடுங்க. நான் வீல் சுத்தறேன்.”

பேரை எடுப்பது என்பது பேரை மூடுவதுதான். வெள்ளை மை தங்கத்தை மறைக்காது. அடியிலிருந்து மின்னிக்கொண்டே இருக்கும். கறுப்பு ஒன்றுதான் மறைக்கும். நுரைக்கு நடுவில், கிடைமட்டமாக, கறுப்பாக என்ன இருக்க முடியும்? கட்டுமரம் இருக்க முடியும். பிரஷ் கூடாது. அவர் ஒரு செய்தித்தாளை எடுத்து, பெயரின் நீளத்தை விரற்கடையால் அளந்து, கட்டுமர வடிவத்தில் ஒரு சன்னலைப் பிளேடால் வெட்டினார். தகட்டில் மையை உருட்டி, வெட்டிய செய்தித்தாளை அதன்மேல் போட்டார். சன்னலில் மட்டும் கறுப்புத் தெரிந்தது. படத்தைக் குப்புறக் கவிழ்த்தபோது, பெயர் எங்கே விழும் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. மூலைகளில் பென்சிலால் குறி போட்டு, குறியோடு குறி வைத்தார்.

“மெதுவாம்மா. நிறுத்தாம, ஒரே சீரா.”

வினிதா சக்கரத்தைப் பிடித்தாள். உருளை ஏறியது. மாடியில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். கம்பளத்துக்கு அடியில் ஏதோ நழுவுவதை ஷாகுலின் விரல்கள் உணர்ந்தன. ஆனால், பாதி வழியில் நிறுத்தினால் கோடு விழுந்துவிடும்.

திறந்து பார்த்தார்கள். புது மையில் செய்தித்தாள் வழுக்கியிருந்தது. கட்டுமரம் ஒரு விரற்கடை கீழே இறங்கி விழுந்திருந்தது. பெயரின் கீழ்ப்பாதி மறைந்துவிட்டது. மேற்பாதி கறுப்பு மரத்தின்மேல் உட்கார்ந்த பறவைகளைப் போலத் தெளிவாக நின்றது. முன்பாவது தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. இப்போது கண் நேராக அங்கேதான் போயிற்று.

வினிதா சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “இன்னொரு தடவை?”

இன்னொரு தடவை அழுத்தினால் காயாத மை பிதுங்கும், நுரை போய்விடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். கீழே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. லாசரஸ், டிரைவரிடம் படச் சட்டங்களைப் பார்த்து இறக்கச் சொல்லும் குரல் கேட்டது. ஷாகுல் படத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். ரோலரை எடுத்து, தகட்டில் மையை இன்னும் கெட்டியாக உருட்டி, வெட்டிய செய்தித்தாளைச் சரிபார்த்து மறுபடி போட்டார்.

“சுத்தும்மா.”

இம்முறை பெயர் மறைந்தது. சுவடு தெரியாமல் மறைந்தது. ஆனால், கறுப்பு தன் எல்லையில் நிற்கவில்லை. பிதுங்கி, படகின் மூக்கைக் கவ்வி, நுரையின் பாதியை விழுங்கியிருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த படகு, இப்போது எதன்மீதோ மோதி நின்றதைப் போல இருந்தது.

லாசரஸ் உள்ளே வந்தார். கையிலிருந்த சட்டங்களைத் தரையில் வைக்க மறந்து நின்றார்.

“யார் இதச் செஞ்சது?”

“நான்தான் சார்.”

“ஏன் பாய்? உங்களுக்கு என்ன பைத்தியமா? நான் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்!”

வினிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷாகுல் முந்திக்கொண்டார். “எழுத்து இருக்கிறது எனக்குப் பிடிக்கல சார். படம்னா படமா இருக்கணும்ல?”

லாசரஸ் மிகவும் களைத்தவரைப் போலப் படத்தை வாங்கி, கொடியின் கடைசியில், சன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினார். நடு இடத்துக்கு, தையல் ஆசிரியை ரத்தினபாய் வரைந்த வாழைத்தோட்டம் போயிற்று. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஷாகுல் கைதட்டினார்; உள்ளங்கையில் ஒட்டிய மை சத்தத்தை அமுக்கிவிட்டது.

மாலையில் கேசவன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தார். விளக்கை ஏற்றினார். தெருக்காரர்கள், கடைக்காரர்கள் என்று ஹால் நிரம்பியது. ஒவ்வொரு படத்தின்முன்னும் நின்று, மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே அவர் கொடியின் ஓரமாக நடந்து வந்தார். ஷாகுல் தம் படத்துக்கு அருகில், சன்னலில் சாய்ந்து நின்றார். நகரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“இன்னா பாய், நீயும் படம் போட ஆரம்பிச்சிட்டியா?” கேசவன் சிரித்தார். “கோவளமா?”

“ஆமாண்ணே.”

“இது இன்னா, கட்டையா?” அவர் கட்டைவிரலால் கறுப்பைத் தொட்டார். “அட, இன்னும் காயவே இல்ல.” விரலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். “எழுத்தெல்லாம் கீதே?”

“பழைய தாளுண்ணே. கடைத் தாளு.”

கேசவன் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். காற்றில் ஆடிய படத்தை, வெள்ளை ஓரத்தில் பிடித்து நிறுத்தினார். அவர் பார்வை அலையில் இல்லை. அதற்கும் கீழே, ஈரமணலாக ஷாகுல் லேசாகத் துடைத்து விட்டிருந்த இடத்தில் நின்றது. ஷாகுலும் அங்கே பார்த்தார். பெயரையே பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில் அவர் கவனிக்காமல் விட்ட ஒரு வரி, தடித்த எழுத்தில், மணலில் கிடந்தது. வேறு எவருக்கும் அது ஒரு மண்டபத்தின் பெயர், அவ்வளவே.

பின்னால் யாரோ ரத்தினபாயை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

“கொளுத்திட்டேன்னியே” என்றார் கேசவன், படத்தைப் பார்த்தபடியே.

“கார்டெல்லாம் கொளுத்திட்டேண்ணே. இது அடிச்சுப் பார்த்த தாளு. வேஸ்ட்டுல கெடந்தது எனக்குத் தோணல. என் தப்புதான்.”

“பேரு?”

ஷாகுல் கட்டுமரத்தைக் காட்டினார். கேசவன் அந்தக் கறுப்பையும், அதில் பாழான படகையும், தம் விரலிலிருந்த மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லாசரஸ் சார் இப்பத்தான் கீழ சொல்லிக்கினு இருந்தாரு. ஜெயிக்க வேண்டிய படத்த ஒருத்தர் தன் கையாலயே கெடுத்துட்டாருன்னு. அது நீதானா?”

“மண்டபத்தையும் மூடிடறேண்ணே. இப்பவே” என்று ஷாகுல் கிளிப்புக்குக் கையை நீட்டினார்.

கேசவன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது. ஷாகுல் என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தார்.

“நான்தான்ப்பா கிழிக்க வாணாம்னு சொன்னேன்.” வினிதா எப்போது வந்தாளென்று இருவருக்கும் தெரியவில்லை. “பேர மட்டும் எடுக்கச் சொன்னேன்.”

கேசவன் மகளைப் பார்த்தார். ஷாகுலின் மணிக்கட்டை விட்டார்.

“வுடு பாய். இன்னும் எத்தினிய மூடுவ?”

கண்ணாடியைக் கழற்றினார். கழற்றி, மடித்து, பையில் போட்டு, பிறகும் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். “நீ இன்னா பண்ண? காட்டு” என்றார் மகளிடம்.

வினிதா அவரைக் கொடியின் மறுபக்கம் அழைத்துப் போனாள். அவளுடைய படத்தில் ஆட்கள் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் சாய்த்த பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுங்கும் மெல்லிய கோடுகளில் இருந்தன.

“நம்ம ஹால் சேரு” என்றார் கேசவன்.

“ஆமாம்ப்பா.”

“ஒண்ணு கால் ஒடஞ்சி கீது. அதையும் போட்டுட்ட.” அவர் இன்னும் அங்கேயே நின்றார். தந்தையும் மகளும் பேசுவது அதற்குமேல் ஷாகுலுக்குக் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவர் தம் படத்தைக் கழற்றி மேசையில் விரித்தார். அதன் வெள்ளை ஓரத்தில், கேசவன் பிடித்து நிறுத்திய இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை கறுப்பாக, வரி வரியாக விழுந்திருந்தது. கார்டின் ஓரத்தில் கடுகளவு கறை பட்டாலும் அதைக் கழிவில் தள்ளுகிறவர் ஷாகுல். கை தானாகவே மண்ணெண்ணெயில் நனைத்த துணியைத் தேடி எடுத்தது; ஓரத்துக்கு மேலே வந்தது.

“பாய்” என்று லாசரஸ் ஒரு பென்சிலை நீட்டினார். கோபம் இன்னும் முழுக்கத் தீர்ந்திருக்கவில்லை. “கெடுத்ததுதான் கெடுத்தீங்க, கையெழுத்தாவது போடுங்க. கீழ, ஓரத்துல.”

ஷாகுல் துணியைக் கீழே வைத்தார். அந்த ரேகையின்மேல் படாமல், கொஞ்சம் தள்ளி, பென்சிலை ஊன்றினார்.